58-க்கு 58: மாமாவோடு நியூ பிரன்ஸ்விக்

அக்டோபர் 9, 2025, வியாழன், ஃப்ரெடரிக்டன்

பெட்டி வந்துவிட்டது, கார் வரவில்லை. தேங்க்ஸ்கிவிங் நீள்விடுமுறை, ஊரில் உள்ள வாடகைக் கார்கள் எல்லாம் போய்விட்டன, நான் பதிவு செய்திருந்ததும் யாருக்கோ போய்விட்டது. கவுண்டரில் இருந்த பெண் மூன்று முறை மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஒரு பிக்கப் ட்ரக் இருக்கிறது, அதே விலைக்கே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். மாமாவுக்கு எழுபது தாண்டியாயிற்று, முழங்கால் வலி வேறு. ஏறுவதற்குப் பக்கத்தில் நின்றிருந்த ஒருவர் கேட்காமலே கை கொடுத்தார். ஏறி உட்கார்ந்ததும் மாமா சொன்னது: "டேய், இது தேர்தல் பிரசார வண்டி மாதிரி இருக்குடா."

யார் இந்த மாமா, ஏன் இந்த ஊர் என்று சொல்லிவிடுகிறேன். அம்மாவின் தம்பி. சென்னையில் சட்டப்பேரவைச் செயலகத்தில் சுருக்கெழுத்து நிருபராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டொராண்டோவுக்கு எங்களைப் பார்க்க வந்தவர் நயாகராவை அரை மணி நேரத்தில் பார்த்து முடித்துவிட்டு, "1987-ல் இந்த நாட்டில் ஒரு மாகாணத்தில் 58 இடத்தில் 58-ஐயும் ஒரே கட்சி ஜெயித்ததாமே, அந்த அவையைக் காட்டு" என்றார். கனடாவில் எட்டு வருடமாக இருக்கிற எனக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. அந்த மாகாணம் நியூ பிரன்ஸ்விக், தலைநகர் ஃப்ரெடரிக்டன். சரி என்று கிளம்பிவிட்டோம்.

இரவுச் சாப்பாடு ஆற்றங்கரை அருகே ஒரு கடையில். மீன் சௌடர் சூப் ஒரு கிண்ணம் 15 டாலர், மேலே 15 சதவீத வரி. கெட்டியாக, உருளைக்கிழங்கும் ஸ்காலப்பும் நிறையப் போட்டு, நன்றாகவே இருந்தது. மிளகுப் பொடியை மாமா பாதி காலி செய்தார். பரிமாறிய பையன் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு குப்பி கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனான்.

அக்டோபர் 10, வெள்ளி, ஃப்ரெடரிக்டன்

காலையில் 3 டிகிரி. மாமா இரண்டு ஸ்வெட்டர், குரங்குக் குல்லா.

சட்டப்பேரவைக் கட்டிடம் ஊர் நடுவிலேயே இருக்கிறது. மணற்கல், மேலே குவிமாடம், முன்னால் புல்வெளி. முந்தைய கட்டிடம் 1880-ல் எரிந்துபோய், 1882-ல் இதைக் கட்டியிருக்கிறார்கள். ஒரு மாகாணத்தின் அதிகார பீடம் என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமாகத்தான் இருக்கும், அவ்வளவு சின்னது. வாசலில் நின்ற காவலர் "ஹலோ, போன்ழூர்" என்று இரண்டையும் சேர்த்தே சொன்னார். கனடாவில் மாகாண அளவில் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டுமே அதிகாரபூர்வ மொழியாக இருப்பது இங்கே மட்டும்தான், 1969 முதல். அது இந்தப் பயணம் முழுக்கத் தலைகாட்டிக்கொண்டே இருக்கும் என்று அப்போது தெரியவில்லை.

சுற்றிக்காட்டியது ஒரு கல்லூரி மாணவி. சுழல் படிக்கட்டு, மூன்றாம் ஜார்ஜ், ராணி சார்லட் படங்கள் எல்லாம் காட்டினார். அப்புறம் மேலவை மண்டபம். மேலவையை இவர்கள் 1892-லேயே கலைத்துவிட்டார்கள், மண்டபம் மட்டும் இருக்கிறது, குழுக் கூட்டங்களுக்குப் பயன்படுகிறது. "எங்களுடையது 1986-ல் போச்சு" என்று மாமா அந்தப் பெண்ணிடம் துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார். அவர் மரியாதையாகத் தலையாட்டினார்.

பேரவை அறைக்குள் வந்ததும் மாமா ஆரம்பித்துவிட்டார். 58 பேரும் ஒரே கட்சி என்றால் அந்தப் பக்கம் யார் உட்கார்ந்தார்கள்? இங்கே கேள்வி நேரத்தை வழக்கமாக எதிர்க்கட்சித் தலைவர்தானே தொடங்குவார், யார் தொடங்கினார்கள்? அரசின் செலவைச் சரிபார்க்கிற பொதுக்கணக்குக் குழுவுக்கு யார் தலைவர்? பாவம், அந்தப் பெண் 1987-ல் பிறக்கவே இல்லை. "ஒரு நிமிஷம் இருங்க சார்" என்று உள்ளே போய், நரைத்த தாடி வைத்த ஊழியர் ஒருவரை அழைத்து வந்தார். அடுத்த ஒரு மணி நேரம் அவரும் மாமாவும் பேசினார்கள், நான் மொழிபெயர்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. அவைக் குறிப்பு எழுதுகிற ஆட்களுக்கு ஒரு தனி நாடு இருக்கிறது போல.

கதை இது. ரிச்சர்ட் ஹாட்ஃபீல்ட், முற்போக்கு கன்சர்வேடிவ் கட்சி, 1970-லிருந்து தொடர்ந்து முதல்வர். கல்யாணம் ஆகாதவர், நியூயார்க் இரவு விடுதிகளில் ஆடப் போகிறவர், ஊர் வைத்த பட்டப்பெயர் 'டிஸ்கோ டிக்'. ஆனால் பிரெஞ்சு பேசும் அகேடிய மக்களிடம் தன் கட்சியைக் கொண்டு சேர்த்தது அவர்தான். இரண்டு மொழிச் சமூகங்களும் சமம் என்று 1981-ல் சட்டமும் கொண்டு வந்தார். 1982 தேர்தலில் 58-ல் 39 இடம். 1984-ல் எலிசபெத் ராணி வந்திருந்தபோது ஹாட்ஃபீல்டின் பெட்டியில் கஞ்சா கிடைத்தது என்று போலீஸ் வழக்குப் போட்டது. மறு வருடம் நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது, ஊர் விடுதலை செய்யவில்லை. சொந்தக் கட்சிக்குள்ளேயே போகச் சொல்லிக் குரல் எழும்ப, மனிதர் பதவியை விடாமல் ஐந்து வருடம் முழுசாக முடியும்வரை தேர்தலைத் தள்ளினார். 1987 அக்டோபர் 13-ல் ஓட்டு எண்ணியபோது ஃப்ராங்க் மெக்கென்னாவின் லிபரல் கட்சிக்கு 58-க்கு 58. ஹாட்ஃபீல்ட் தன் சொந்தத் தொகுதியிலேயே தோற்று, கட்சித் தலைமையையும் விட்டுவிட்டார்.

இதில் மாமா கேட்டுக் குறித்துக்கொண்டது ஓட்டுக் கணக்கைத்தான். லிபரலுக்கு விழுந்தது நூற்றுக்கு 60. கன்சர்வேடிவுக்கு 28 சொச்சம், புதிய ஜனநாயகக் கட்சிக்கு 10 சொச்சம். அதாவது நூற்றில் நாற்பது பேர் போட்ட ஓட்டுக்கு அவையில் ஒரு நாற்காலி கூட இல்லை. அந்த அவை 1988 ஏப்ரலில் கூடி 1991 வரை ஓடியது.

அந்தப் பக்கம் யார் உட்கார்ந்தார்கள் என்றால், அவர்களேதான். ஒரு பக்கத்தில் அத்தனை பேரும் கொள்ளாது, எதிர்ப்பக்கமும் லிபரல்கள். கேள்வி நேரத்தில் பின்வரிசை லிபரல்கள் எழுந்து தங்கள் மந்திரிகளையே கேள்வி கேட்டார்கள். குழுக்களிலும் அவர்களே. உள்ளே வர முடியாத கட்சித் தலைவர்கள் வெளியே நிருபர்களிடம் பேசினார்கள். கன்சர்வேடிவ் கட்சிக்கு 1989-ல் தலைவராக வந்த பார்பரா பெயர்ட் ஃபில்லிட்டர் ஒரு நாள் கூட உறுப்பினராக உட்காராமலேயே 1991-ல் விலகினார். புதிய ஜனநாயகக் கட்சியின் எலிசபெத் வியர் 1988-ல் தலைவரானவர், தொகுதி கிடைக்க மூன்று வருடம் காத்திருந்தார்.

மாமா இதைக் கேட்டுவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் எந்த அரசியல் புத்தகத்திலும் இதைப் படித்ததில்லை. "சொந்தக் கட்சி மந்திரியைக் கேட்கிற கேள்விக்குத் துணைக் கேள்வி வராதுடா. முதல் கேள்வி எல்லாரும் கேட்பான், அது வீட்டில் எழுதிக் கொண்டு வருவது. மந்திரி பதில் சொன்னதும் அதைப் பிடித்துக்கொண்டு ஒருத்தன் எழுந்திருப்பான் பார், அப்போதுதான் நிஜம் வெளியே வரும். எங்களுக்குக் கை வலிப்பதும் அங்கேதான். 'குறுக்கீடு' என்று ஒரு இடத்தில் கூட எழுத வேண்டாத நாள் என்றால், அன்றைக்கு அவையே நடக்கவில்லை என்று அர்த்தம்."

தாடிக்காரர் சிரித்தார். ஆனால் மெக்கென்னாவை விட்டுக்கொடுக்கவில்லை. கடனில் கிடந்த மாகாணத்தைத் தூக்கி நிறுத்தினார், தொலைபேசி வசதியைக் காட்டி வெளி மாகாணக் கம்பெனிகளின் கால் சென்டர்களை இங்கே இழுத்து வந்தார், தன் பெயரிலேயே கட்டணமில்லாத 1-800 தொலைபேசி எண் வைத்திருந்தார் என்றார். அந்த 58 பேரிலிருந்து மூன்று முதல்வர்கள் வந்திருக்கிறார்கள்: மெக்கென்னா, அவருக்குப் பின் ரே ஃப்ரெனெட், அப்புறம் கமீல் தெரியோ. டக் யங் அடுத்த வருடமே மத்திய அரசியலுக்குப் போய்ப் பின்னால் மத்திய மந்திரி ஆனார். முதன்முறை வந்த பியரெட் ரிங்கெட் இப்போது மத்திய மேலவையான செனட்டில் இருக்கிறார். மோசமான ஆட்கள் இல்லை என்பது தாடிக்காரர் வாதம். ஆட்களைப் பற்றி நான் பேசவே இல்லையே என்பது மாமா வாதம். எனக்குப் பசி.

மதியம் எதிரே இருக்கிற பீவர்புரூக் கலைக்கூடத்தில் ஸ்பானிய ஓவியர் டாலி வரைந்த சாண்டியாகோ எல் கிராண்டே ஓவியத்தைப் பார்த்தோம். கூரை வரை போகிறது, குதிரை நம் தலைக்கு மேல் பாய்கிறது. மாமா பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார், அப்படியே தூங்கியும்விட்டார். அங்கே இருந்த காவலாளி அம்மா எழுப்பாமல் அவருடைய குல்லாவை எடுத்து மடியில் வைத்துவிட்டுப் போனார்.

அக்டோபர் 11, சனி, சந்தை, அப்புறம் மிராமிச்சி

பாய்ஸ் உழவர் சந்தை சனிக்கிழமை மட்டும், மதியம் ஒரு மணியோடு சரி. கனடாவின் கிழக்கு ஓரத்தில், வெள்ளைக்காரர்கள் வரிசையாக நின்று சமோசா வாங்குகிறார்கள்! இந்த ஊரின் சனிக்கிழமைக் காலை உணவே சமோசாதான் என்று முன்னால் நின்றவர் சொன்னார், அவர் சின்ன வயதிலிருந்து சாப்பிடுகிறாராம். இருபது நிமிடம் நின்று வாங்கினோம். சின்னது, மொறுமொறுப்பு, காரம் நம்மூர் அளவுக்கு இல்லை. மாமா நாலு சாப்பிட்டார்.

டல்ஸ் என்று ஊதா நிறத்தில் ஒரு காய்ந்த கடல்பாசி விற்கிறார்கள், கிராண்ட் மனான் தீவிலிருந்து வருவது. ஒரு பொட்டலம் 8 டாலர். உப்பு, கடல் வாடை, மெல்ல மெல்ல வாயில் கரைகிறது. வண்டி முழுக்க அந்த வாடைதான்.

மிராமிச்சிக்கு இரண்டு மணி நேரம். இருபுறமும் காடு, மேப்பிள் இலை சிவப்பும் மஞ்சளுமாகக் கொட்டிக்கொண்டிருந்தது, மூஸ் மான் குறுக்கே வரும் என்று பலகைகள். கோடையில் மழை இல்லை, ஆறு இறங்கிக் கிடந்தது, கிணறு வற்றியதைப் பற்றிப் பேசாத ஆளை நான் இங்கே பார்க்கவில்லை. ஆகஸ்டில் ஊருக்குப் பக்கத்திலேயே காடு எரிந்திருக்கிறது.

மெக்கென்னாவின் தொகுதி சாத்தம். 1995-ல் அதையும் எதிர்க்கரை நியூகாசிலையும் இணைத்து மிராமிச்சி நகரம் ஆக்கிவிட்டார்கள். அவர் இங்கே வக்கீலாக இருந்தார். இவோன் டுரெல் என்று ஒரு குத்துச்சண்டை வீரர், மீனவர். 1958-ல் மாண்ட்ரியலில் உலக சாம்பியன் ஆர்ச்சி மூரை முதல் சுற்றிலேயே மூன்று முறை கீழே தள்ளி, கடைசியில் தானே தோற்றுப் போனவர். 1977-ல் அவர் மேல் கொலை வழக்கு. வாதாடி விடுதலை வாங்கித் தந்தது மெக்கென்னா. அந்த வழக்கில்தான் இந்தப் பக்கத்துக்கு அவர் முகம் தெரிந்தது.

காபிக் கடையில் ஒரு பெரியவர், காகித ஆலையில் வேலை பார்த்தவர், ஆலை 2007-ல் மூடிவிட்டது, எங்கள் மேசைக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். 87 பற்றிக் கேட்டதும் முகம் மலர்ந்தது. அவருடைய அப்பா பரம்பரை கன்சர்வேடிவ், அந்த ஒரு தடவை மட்டும் மாற்றிப் போட்டதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லையாம், அம்மாவும் சொல்லவில்லையாம், இரண்டு பேரும் மாற்றித்தான் போட்டிருக்கிறார்கள். தேர்தல் நாள் தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள் செவ்வாய், முந்தின நாள் மொத்தக் குடும்பமும் வான்கோழி சாப்பிட்டுக்கொண்டு ஹாட்ஃபீல்டைத் திட்டியது, ஆனால் மற்ற வீடுகளிலும் எல்லாரும் திட்டுகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது என்றார். எல்லாரும் அவரைத் தண்டிக்க நினைத்தார்கள், அவையைக் காலி செய்ய யாரும் நினைக்கவில்லை. இது நான் எழுதியது, அவர் சொன்னது இல்லை.

தங்கியது ஒரு அகேடிய அம்மாவின் வீட்டு விடுதியில், ஒரு இரவு 110 டாலர். பூட்டீன் ராப்பே செய்து வைத்திருந்தார். துருவிய உருளைக்கிழங்கை உருட்டி, உள்ளே பன்றி இறைச்சி வைத்து, மணிக்கணக்காக வேகவைத்தது, சாம்பல் நிறம். மாமா பன்றி சாப்பிட மாட்டார், வெளியிலிருந்து பார்த்துவிட்டு "கொழுக்கட்டையை ஊறவைத்துவிட்டார்களா" என்று கேட்டார். மேலே பழுப்புச் சர்க்கரை தூவித் தின்றேன். ஒன்று போதும், இரண்டாவது வேண்டாம் என்று சொல்ல வழி தெரியவில்லை. மாமாவுக்கு அந்த அம்மா தனியாக முட்டை பொரித்துக் கொடுத்தார்.

ஹாட்ஃபீல்டைப் பற்றிப் பேச்சு வந்ததும் இங்கே தொனி வேறு. ஆஸ்பத்திரியிலும் அலுவலகத்திலும் தன் பாஷையில் பேச முடிகிறது என்றால் அதில் அவர் பங்கும் இருக்கிறது, கஞ்சாவெல்லாம் எனக்கென்ன என்றார். ஆனாலும் 87-ல் ஓட்டுப் போட்டது மெக்கென்னாவுக்குத்தானாம்.

அக்டோபர் 12, ஞாயிறு, ஹார்ட்லண்ட்

மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டம், முதுகு போய்விட்டது. பெட்ரோலுக்கு 90 டாலர், இந்த ட்ரக் குடிக்கிறது.

ஹார்ட்லண்ட் ஹாட்ஃபீல்ட் வளர்ந்த ஊர், உருளைக்கிழங்கு தேசம். அவருடைய அப்பா உருளைக்கிழங்கு வியாபாரி, நாடாளுமன்ற உறுப்பினர். சற்று வடக்கே போனால் மெக்கெயின் கம்பெனி 1957-ல் பிரெஞ்சு ஃப்ரை போட ஆரம்பித்த ஃப்ளோரன்ஸ்வில். சாலையோரம் கிழங்கு மூட்டை, பக்கத்தில் காசு போட ஒரு டப்பா, ஆள் கிடையாது. மாமா அங்கேயே நின்று அந்த டப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

இங்கே இருக்கிற மூடு பாலம்தான் உலகத்திலேயே நீளமானது, 391 மீட்டர். 1901-ல் திறந்தார்கள், இருபது வருடம் கழித்து மேலே கூரை போட்டார்கள். ஒரே ஒரு வண்டி போகிற அகலம், எதிரே வருகிறவர் அந்தக் கரையில் காத்திருக்க வேண்டும். இந்த ட்ரக்கோடு உள்ளே நுழைய எனக்குத் தைரியம் இல்லை, ஓரமாக நிறுத்திவிட்டு நடந்தோம். உள்ளே பழைய மரவாசனை, பலகை இடுக்கில் ஆறு தெரிகிறது. நடுவில் எதிரே வந்த ஒரு குடும்பம் ஒதுங்கி நின்று மாமாவுக்கு வழி விட்டது.

இந்தப் பக்கம்தான் கதையின் மறுபாதி. இருமொழிக் கொள்கை பிடிக்காத ஆங்கிலம் பேசும் கன்சர்வேடிவ்கள் ஆற்றின் இந்தப் பள்ளத்தாக்கில் நிறைய. அவர்கள் கோபத்தைத் தன் கட்சிக்குள்ளேயே ஹாட்ஃபீல்ட் இத்தனை வருடம் கட்டி மேய்த்திருக்கிறார். 87-ல் அந்தக் கட்சியே அவையில் இல்லை. கோபம் எங்கே போகும்? கான்ஃபெடரேஷன் ஆஃப் ரீஜன்ஸ் என்று ஒரு கட்சிக்குப் போனது, அதன் முக்கியப் பேச்சே அதிகாரபூர்வ இருமொழி கூடாது என்பதுதான். 1991 தேர்தலில் அதற்கு நூற்றுக்கு 21 ஓட்டு, எட்டு இடம், நேராக அதிகாரபூர்வ எதிர்க்கட்சி. பழைய கன்சர்வேடிவ்களுக்கு மூன்று. எலிசபெத் வியர் தனி ஆளாக ஒன்று. லிபரலுக்கு 46. எட்டு பேர் கட்சி உள்ளுக்குள் அடித்துக்கொண்டு 1995-ல் பூஜ்யமாகிவிட்டது, ஆனால் அந்த நான்கு வருடம் கேள்வி நேரத்தைத் தொடங்கியது அவர்கள்தான்.

என் அபிப்பிராயம், எதிர்க்கட்சி வரிசையைக் காலியாக வைத்தால் அது காலியாகவே இருக்காது, யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் உட்காருவார்கள். மாமா இதை ஒத்துக்கொள்ளவில்லை. அந்த எட்டு பேர் எப்படியும் வந்திருப்பார்கள், அவையில் முப்பது கன்சர்வேடிவ் இருந்திருந்தால் அந்த முப்பதுக்குள்ளேயே இருந்திருப்பார்கள், யாருக்கும் தெரிந்திருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம் என்கிறார். மோட்டல் அறையில் பதினொரு மணி வரை இதே வாக்குவாதம். பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டினார்.

அக்டோபர் 13, திங்கள், திரும்புகிற நாள்

தேங்க்ஸ்கிவிங். ஊரே மூடிக் கிடக்கிறது. காலைச் சாப்பாடு பெட்ரோல் பங்கில் முட்டை சாண்ட்விச், 7 டாலர், ரொட்டி ஈரம். கூட உருளைக்கிழங்கு சிப்ஸ். உருளைக்கிழங்கு தேசத்தில் பாக்கெட் சிப்ஸ் தின்கிறோமே என்று மாமாவுக்கு வருத்தம். பங்க் அம்மா காபிக்குக் காசு வாங்கவில்லை, பண்டிகை நாளாம்.

இன்றைக்குத் தேதியும் அதே அக்டோபர் 13. பத்து வருடத்துக்கு மேல் இருக்க மாட்டேன் என்று சொல்லியிருந்த மெக்கென்னா 1997-ல் சரியாக இதே தேதியில் பதவியை விட்டார். கெட்டிக்காரர்தான். ஹாட்ஃபீல்ட் 1990-ல் செனட்டர் ஆகி, மறு வருடம் மூளையில் கட்டி வந்து இறந்துபோனார். சென்ற வருடம் இங்கே இன்னொரு தேர்தல். அதிலும் ஆளும் கன்சர்வேடிவ் முதல்வர் பிளேன் ஹிக்ஸ் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார், லிபரலின் சூசன் ஹோல்ட் முதல் பெண் முதல்வர். ஆனால் இந்தத் தடவை 49-ல் 31, எதிரே 16 கன்சர்வேடிவ், இரண்டு பசுமைக் கட்சி. கேள்வி கேட்க ஆள் இருக்கிறது, மாமாவுக்குத் திருப்தி.

விமான நிலையத்தில் ட்ரக்கைத் திருப்பிக் கொடுத்தபோது சக்கரத்தில் சேறு என்று 40 டாலர் கேட்டார்கள். நான் பேசிப் பார்த்தேன், நடக்கவில்லை. மாமா முன்னால் வந்து, சேறு எந்த விதியின் கீழ் வருகிறது, வண்டி கொடுத்த அன்று சக்கரத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது யார், அந்தத் தாள் எங்கே என்று ஒன்றன் பின் ஒன்றாகக் கேட்டார். மூன்றாவது கேள்வியில் விட்டுவிட்டார்கள்.

விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதம். உட்கார்ந்த இடத்தில் மாமா அடுத்த திட்டத்தை எடுத்துவிட்டார். தாடிக்காரர் வெள்ளிக்கிழமை கிளம்பும்போது காதில் போட்டு அனுப்பியிருக்கிறார்: 58-க்கு 58 ஒன்றும் புதிது இல்லை, பிரின்ஸ் எட்வர்ட் தீவில் 1935-லேயே லிபரல்கள் 30-க்கு 30 எடுத்திருக்கிறார்கள். தீவுக்குப் போகிற பாலத்தில் ஐம்பது டாலருக்கு மேல் இருந்த சுங்கத்தை இந்த ஆகஸ்டில் 20 ஆக்கிவிட்டார்கள். மாமாவின் விசா பிப்ரவரி வரை இருக்கிறது. இந்தத் தடவை காரை இரண்டு இடத்தில் பதிவு செய்யப் போகிறேன்.